காற்றும் கட்டுமரமும்: மரக்காணம் கரையில் பாய்த்தொழிலும் ஓய்வு நாள்களும்

விழுப்புரம், திண்டிவனம் என்ற பெயர்களைக் கேட்போர் பெரும்பாலும் ரயில் சந்திப்பையும், சென்னை நெடுஞ்சாலையையும், மணிலாவும் கரும்பும் விளையும் புலங்களையும் நினைப்பார்களே தவிர, கடலை நினைப்பதில்லை. ஆயினும் இந்த நிலப்பகுதியின் கிழக்கு எல்லையில், மரக்காணத்தை ஒட்டித் தொடங்கி அனுமந்தை, கூனிமேடு, பொம்மையார்பாளையம் வழியாகக் கோட்டக்குப்பம் வரை நீளும் கரையில் 19 மீனவ ஊர்கள் உள்ளன. இவற்றுள் மரக்காணம் பகுதி நெடுங்காலம் திண்டிவனம் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஒரு பாயையும், சேர்த்துக் கட்டிய சில மரங்களையும், இரண்டு மூன்று பேரின் தோள்வலுவையும் மட்டுமே நம்பி இவ்வூர்களில் பல நூற்றாண்டுகள் நடந்த தொழில், நாற்பது வயதைக் கடந்த ஓர் உடல் காற்றோடும் அலையோடும் அடுத்தடுத்த நாள்களில் எவ்வாறு ஈடுகொடுக்க முடியும் என்ற கேள்விக்கு ஒரு விடையைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. அந்த விடை எந்த நூலிலும் விதியாக எழுதப்படவில்லை; மரத்தின் ஈரத்திலும், நூல்வலையின் ஆயுளிலும், காற்றின் நேரத்திலும், ஊர்க் கட்டுப்பாட்டிலும் அது கலந்திருந்தது.

இக்கரையின் பழமைக்குச் சங்க இலக்கியமே சான்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழிகாட்டுவதாக அமைந்தது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூலில் வரும் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரோடு இணைந்த பகுதியாகும். அதே நூல் குறிப்பிடும் கடற்கரை ஊரான எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட, செங்கடல் முதல் இந்தியக் கரை வரையிலான துறைமுகங்களை விவரிக்கும் ‘பெரிப்ளூஸ்’ என்ற வணிகக் கையேடு, கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளைச் சோழமண்டலக் கரையில் வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் சோபட்மாவும் எயிற்பட்டினமே என்பது பலர் ஏற்ற கருத்து. தனித்தனி மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கர’ என்னும் பெருங்கலங்கள் இக்கரையில் இருந்ததாகவும் அக்கையேடு கூறுவதால், மரங்களைக் கட்டிக் கடலில் செலுத்தும் தொழில்நுட்பம் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று துணியலாம்.

சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு செய்தி உண்டு. பெரும்பாலும் விருந்தோம்பலுக்குச் சான்றாகவே அது எடுத்துக்காட்டப்படுகிறது. எயிற்பட்டினத்தை அடையும் பாணர்க்குப் பரதவர் குடியில் கள்ளோடு கிடைக்கும் குழல் மீன், அன்று பிடித்த பச்சை மீன் அன்று. உலர்த்தி வைத்திருந்து சுட்டுத் தரப்படுவது. வந்தவர்க்கு உடனே எடுத்துத் தர வீட்டில் உலர்ந்த மீன் இருந்தது என்றால், கடலுக்குப் போகாத நாளுக்கும் உணவும் விற்பனைப் பொருளும் கையிருப்பில் இருந்தன என்று பொருள். ஓய்வின் வரலாற்றை எழுத முனைவோர் இந்தக் கருவாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

கட்டுமரத்தின் அமைப்பே உழைப்பை ஓரளவு இடைவெளியிட்டு நிறுத்தியது. 1690-இல் சென்னைக் கோட்டைக்கு வந்து சென்ற ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697-இல் வெளியான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை விவரித்தார். பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வில் இக்கரையின் கட்டுமரத்தைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். எடை குறைந்த மென்மரத் துண்டுகளை, நடுமரம் சற்றே தாழ்ந்தும் பக்க மரங்கள் சற்றே உயர்ந்தும் நிற்குமாறு அடுக்கி, முன்புறமான அணியத்திலும் பின்புறமான கடையாலிலும் குறுக்கே கட்டைகளை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதே இதன் அடிப்படை. இதில் ஆணி கிடையாது. அலை மோதும்போது மரங்கள் ஒன்றோடொன்று சற்றே அசைந்துகொடுப்பதால், கட்டுமரம் உடையாமல் அலையை வாங்கிக்கொள்ளும். மேலே ஏறிய நீர் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும்.

கரைக்குத் திரும்பியதும் செய்யப்பட்ட வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அலையடிக்கு மேல் இழுத்து வந்த கட்டுமரத்தின் முன் கட்டும் பின் கட்டும் அவிழ்க்கப்படும். நீரில் ஊறிப் பருத்த கயிறு விரல் நகத்துக்கு எளிதில் இடம் கொடாது. அவிழ்ந்த மரங்கள் ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றப்பட்டோ உருட்டப்பட்டோ மேட்டு மணலுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஒன்றையொன்று தொடாமல் வெயிலில் கிடத்தப்படும். காலையில் இரண்டு பேர் எளிதாகத் தூக்கிய மரத்தைத் தூக்க, கடலில் அரை நாள் கிடந்த பின் மூன்றாவது ஆளும் கைகொடுக்க வேண்டும். அந்த ஈரம் வற்றாமல் மறுநாளும் மரத்தை இறக்கினால், அது தாழ்ந்து மிதக்கும், பாய் இழுத்தாலும் மந்தமாகவே நகரும், துடுப்புப் போடுபவரின் முதுகுக்கு இரட்டிப்பு வேலை வைக்கும். கடல்நீரில் மரத்தைத் துளைக்கும் புழுக்களுக்கும் இந்த வெயிற்காய்ச்சலே மருந்து. ஆக, மரம் காய்வதற்கு எடுத்துக்கொண்ட நேரம் மனிதனின் தசை தேறுவதற்கும் கிடைத்தது; மரத்தை மதித்தவன் தன் உடலையும் அறியாமலே மதித்தான்.

வலையும் அவ்வாறே. நைலான் வருவதற்கு முன்பு வலைகள் பருத்தி நூலாலும் சணப்பு நாராலும் பின்னப்பட்டன. ஈரத்தோடு குவித்து வைத்தால் சில நாள்களிலேயே இற்றுப்போகும் இவ்வலைகளை ஒவ்வொரு முறையும் விரித்து உலர்த்த வேண்டியிருந்ததோடு, குறித்த இடைவெளியில் பனிச்சங்காய்ச் சாறு, புளியங்கொட்டைத் தோலின் கஷாயம் போன்ற துவர்ப்புப் பொருள்களில் ஊறவைத்துச் சாயமேற்றவும் வேண்டியிருந்தது. இந்தத் துவர்ப்பு நூலின் மேல் படிந்து அழுகலைத் தடுக்கும். சாயமேற்றும் நாள், கிழிசல் பார்க்கும் நாள், ஈயக்குண்டும் மிதவையும் சரிபார்க்கும் நாள் என்று கரையில் கழிந்த நாள்கள் வேலை நாள்களே எனினும், அவை கையும் கண்ணும் செய்யும் வேலைக்குரியவை. இடுப்பும் தோளும் அந்நாள்களில் இளைப்பாறின.

இவ்விரண்டுக்கும் மேலாகக் காற்று நேரத்தை வகுத்தது. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் கரையிலிருந்து கடல் நோக்கி மெல்லிய கரைக்காற்று வீசும். பகலில் நிலம் சூடேறியபின் கடலிலிருந்து கரை நோக்கிக் கடற்காற்று எழும். பின்னிரவில் கரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போய், விடிந்தபின் வலை வாங்கி, முற்பகலிலோ நண்பகலிலோ எழும் கடற்காற்றில் கரை பிடிப்பதே பாய்த்தொழிலின் நாள்முறை. போவதற்கு ஒரு காற்று, வருவதற்கு ஒரு காற்று என அமைந்த இந்த ஒழுங்கைப் பயன்படுத்தத் தெரிந்தவர், கரை ஓரத்து அலையை உடைத்துக்கொண்டு வெளியேறும் சிறிது நேரத்துக்கும், வலையைத் தூக்கும் நேரத்துக்கும் மட்டுமே முழு வலுவைச் செலவிட்டார். காற்று எழும்வரை பொறுத்திருக்காமல் துடுப்பால் கரை சேர முனைவது இளம் வயதினரின் வழக்கம்; அனுபவசாலிகள் காத்திருந்தனர். இளைஞருக்கு உடல் இடம் கொடுத்தது, அதனால் பாதகமில்லை; நடுவயதினருக்கோ அந்தக் காத்திருப்புத்தான் மறுநாளும் கடலுக்குப் போவதற்கான முதலீடு.

ஆனால் இந்த நாள்முறை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருந்ததில்லை. மாசி, பங்குனி மாதங்களில் கடற்காற்று முற்பகலிலேயே எழுந்துவிடும். வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து வலுத்து வீசும் கச்சான், கடற்காற்றைப் பிற்பகல்வரை உள்ளே வரவிடாமல் தடுக்கும்; அந்நேரத்தில் கரையை விட்டு அதிக தூரம் போனவர்களைக் கச்சான் மேலும் வெளியே தள்ளுமாதலால், குறுகிய தொலைவில் தொழிலை முடித்துக்கொள்வதே முறையாயிற்று. ஐப்பசியில் வாடைக்காற்றோடு வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கடல் கொந்தளித்துக் கரையலைகள் உயர்ந்து, கட்டுமரம் இறக்க முடியாத நாள்கள் தொடராக வரும். வங்கக் கடலின் புயல்கள் இக்கரையைத் தாக்குவதும் இக்காலத்தில்தான். 2011 டிசம்பர் 30-இல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த ‘தானே’ புயலும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ‘ஃபெஞ்சல்’ புயலும் அண்மைச் சான்றுகள்.

கட்டுமரத்தில் யார் எங்கே அமர்வது என்பதிலும் வயது கணக்கில் கொள்ளப்பட்டது. சிறிய கட்டுமரத்தில் இருவர் அல்லது மூவர், பெரியதில் நால்வர் அல்லது ஐவர் செல்வர். அணியத்தில் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டு, அலை உடையும் இடத்தில் குதித்துத் தள்ளும் வேலை இளையவர்க்கு. கடையாலில் நீண்ட துடுப்பைச் சுக்கானாகப் பிடித்துக் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் திசை மாற்றும் வேலை மூத்தவர்க்கு. இதற்கு வலுவைவிடக் கணிப்பே தேவை. இன்னும் வயது ஏறியவர், பலர் கரையில் நின்று இருபுறக் கயிற்றையும் ஒருங்கே இழுக்கும் கரைவலைக்கும், வலை பின்னுவதற்கும், மீன் ஏலத்தைக் கவனிப்பதற்கும் மாறினார். நாற்பது முதல் ஐம்பத்தைந்து வரையான வயதே கடையாலின் வயது. அப்பருவத்து ஆள் தொழிலை விடவும் இல்லை, இருபது வயதுக்காரனோடு போட்டியிடவும் இல்லை. தன் வலுக்கேற்ற இடத்துக்கு நகர்ந்தான். அந்த நகர்வை ஊர் இழிவாக எண்ணாமல் மதிப்பாக எண்ணியதே இம்முறையின் உயிர்நாடி.

ஊர்க் கட்டுப்பாடும் நாள்களை இடைவெளியிட்டது. சோழமண்டலக் கரையின் பட்டினவர் ஊர்களில் நாட்டார் என்னும் தலைவரும் பஞ்சாயத்தாரும் தொழில் வழக்கங்களைத் தீர்மானித்து வந்தனர். ஊரில் ஒருவர் இறந்தால் அடக்கம் முடியும்வரை கடலுக்குப் போவதில்லை. மாசி மகத்தன்று உட்புற ஊர்களின் கோயில் மூர்த்திகள் தீர்த்தவாரிக்காகக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது கரையே திருவிழாக் களமாகும். ஒருவர் மட்டும் ஓய்ந்திருக்க மற்றவர் பாடு அடித்து வந்தால் ஓய்ந்தவர்க்கு இழப்பு. ஊரே ஓய்ந்தால் எவர்க்கும் இழப்பில்லை. கூட்டாக எடுக்கும் ஓய்வே ஏழைக்குக் கட்டுப்படியாகும் ஓய்வு என்ற உண்மை இங்கே செயலில் இருந்தது.

இத்தகைய ஓய்வுக்குப் பொருளியல் அடித்தளம் கருவாடு என்பதை முன்பே கண்டோம். இங்கே ஒரு முரண் உண்டு: மரக்காணத்தின் உப்பளங்கள் புகழ்பெற்றவை, ஆயினும் ஆங்கில ஆட்சியின் உப்பு வரி, உப்பளத்துக்கு அருகிலேயே வாழ்ந்த மீனவருக்கும் உப்பை எட்டாக் கனியாக்கியது. மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே 1873-இல் வெளியிட்ட இந்திய, பர்மியக் கடல்மீன் அறிக்கை இக்குறையைச் சுட்டியது. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சென்னை மாகாணக் கரையெங்கும் அரசு மீன்பதப்படுத்தும் முற்றங்கள் அமைக்கப்பட்டு, அங்கே மட்டும் வரியில்லா உப்பு மீன் உப்பிடுவதற்கு வழங்கப்பட்டது. 1870-களில் சென்னையிலிருந்து தெற்கே நீண்ட ரயில் பாதை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டதும், 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டதும், கரையின் சரக்கு உட்புறச் சந்தைகளைச் சென்றடைய வழி அகலமாயிற்று.

இதனால் அக்காலம் பொற்காலம் என்று கொள்வது பிழை. மழைக்கால ஓய்வு பல வீடுகளில் பட்டினியாகவும் கடனாகவும் இருந்தது; உடல் தேறியதே தவிர அடுப்பு எரியவில்லை. அந்த இடைவெளியை நிரப்பக் கரையில் வேறு வேலைகளும் குறைவு, ஏனெனில் உப்பளமும் மழைக்காலத்தில் மூடிக்கிடக்கும். சென்னையிலிருந்து மரக்காணம்வரை நீண்ட பக்கிங்காம் கால்வாயில் உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிய தோணிகள், காற்று உள்ளபோது பாய் விரித்தும், இல்லாதபோது கரையில் நடப்போர் கயிறு கட்டி இழுத்தும் சென்றன. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக இக்கால்வாயின் சென்னைப் பகுதி வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. கயிறு இழுத்துக் கிலோமீட்டர் கணக்கில் நடக்கும் அவ்வேலையும் உடலைத் தேய்ப்பதே.

பழைய முறையின் தடைகள் ஒவ்வொன்றாக விலகியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் பரவிய நைலான் வலைக்கு உலர்த்தலும் சாயமும் வேண்டியதில்லை. பனிக்கட்டி வந்ததும் பச்சை மீனுக்கு உடனடிப் பணம் கிடைத்தது. கருவாட்டின் இடம் சுருங்கியது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை மிகுந்த கரையிலேயே ஏறி இறங்கத்தக்க இயந்திரப் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கட்டுமரங்களையும் வலைகளையும் அடித்துச் சென்றபின், நிவாரணமாகவும் கடனாகவும் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் கரையேறின. இயந்திரத்துக்குக் காற்று எழும்வரை காத்திருக்கும் தேவை இல்லை. கண்ணாடியிழை ஈரத்தில் ஊறுவதில்லை. ஆனால் டீசல் செலவும் தவணையும் ஒவ்வொரு நாளையும் தொழில் நாளாக்கும்படி நெருக்குகின்றன. முன்பு பொருள்களே விதித்த ஓய்வை இப்போது சட்டம் விதிக்க வேண்டியதாயிற்று. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை அடுத்த 3 கடல் மைல் பரப்பைப் பாரம்பரியக் கலங்களுக்கு ஒதுக்கியது. 2001 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள் நடைமுறையில் இருந்த விசைப்படகுத் தடை, 2017 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. இத்தடையின் நோக்கம் மீன்களின் இனப்பெருக்கமே. மனித உடலின் ஓய்வு அதில் கணக்கில் இல்லை.

இக்கரையில் நைலான் வலை பரவிய அதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில், பலகையின் மேல் நின்றபடி பாயைக் கையால் பிடித்துச் செலுத்தும் பாய்ப்பலகை விளையாட்டு, அதாவது விண்ட்சர்ஃபிங், பிறந்தது. அமெரிக்கரான நியூமன் டார்பி 1964-இல் இத்தகைய பலகையை வடிவமைத்தார். ஹாயில் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் இருவரும் 1968-இல் காப்புரிமை கோரினர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. பாயின் இழுவை முழுவதும் முன்கையில் விழுந்ததால், அதை இடுப்புக்கும் உடல் எடைக்கும் மாற்றும் கொக்கிப் பட்டை 1970-களில் புழக்கத்துக்கு வந்தது. நடுவயதில் இதை ஆடுவோர் எதிர்கொள்ளும் சிக்கல் மரக்காணத்தின் கடையால்காரர் எதிர்கொண்டதே: பழக்கமில்லாத உழைப்பின் தசைவலி முதல் நாளில் முழுதாகத் தெரியாமல், 24 மணி நேரத்துக்குப் பிறகே வலுத்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொடுகிறது, ஆகவே காற்று நன்றாக இருக்கிறதென்று முதல் நாளே வலு முழுவதையும் செலவிட்டவர், அதே நல்ல காற்று வீசும் மூன்றாம் நாளில் கரையில் உட்கார நேர்கிறது. விளையாட்டு வீரர் இதைச் சுயக்கட்டுப்பாட்டால் மட்டுமே தவிர்க்க முடியும், ஏனெனில் அவருடைய பலகை ஊறுவதில்லை, பாய் இற்றுப்போவதில்லை, ஊரும் அவரைத் தடுப்பதில்லை. சிறு காற்றில் பெரிய பாயும் பெருங்காற்றில் சிறிய பாயும் கட்டுவது, முதல் நாளைக் குறுகவே முடிப்பது, இடையில் ஒரு நாளைக் கருவி பார்க்க ஒதுக்குவது என அவர் கைக்கொள்ளும் முறைகள், இக்கரையில் தொழிலோடு இயல்பாக ஒட்டியிருந்தவையே. புதுச்சேரியை அடுத்த தந்திராயன்குப்பத்தில் இன்று அலைச்சறுக்கு கற்க வருவோர், இக்கரையின் பழைய பாய்த்தொழிலாளரிடம் கேட்டறியத் தக்கது நிறைய உண்டு.

ஆனால் கேட்பதற்கான காலம் குறைந்துகொண்டே வருகிறது. இயந்திரம் வருமுன் பாய் விரித்துத் தொழில் செய்து, கடையாலில் அமர்ந்து காற்றைக் கணித்தவர்களில் எஞ்சியிருப்போர் முதுமையில் உள்ளனர். எந்தக் காற்றில் போகலாம், எதில் திரும்ப வேண்டும், எத்தனை நாள் தொடர்ந்து போனபின் ஒரு நாள் விட வேண்டும், எந்த வயதில் அணியத்தை விட்டுக் கடையாலுக்கு நகர்ந்தார்கள் என்பனவற்றை அவர்கள் வாய்மொழியாகவே அறிவார்கள். திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் பயிலும் மாணவர்களில் கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள், தங்கள் பாட்டனார்களின் அருகில் அமர்ந்து இவற்றை ஊர்ப்பெயரோடும், காற்றின் பெயரோடும், மாதத்தோடும் எழுதி வைக்க வேண்டும். அதைக் கல்லூரிகளும் மாவட்ட நிர்வாகமும் அச்சேற்றித் தர வேண்டும்.